ஆர்லீன் கோஸ்கியின் மீன்குழாய்

வலது கை முழங்கை வரை குழாய்க்குள் போயிருந்தது. விரல்களில் பழைய நைலான் காலுறை ஒன்று சுற்றியிருந்தது. கை மெல்லப் பின்வாங்க, காலுறை குழாயின் உள்சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. பாதி வழியில் நின்றது. ஏதோ ஒரு பிசிறில் இழை மாட்டிக்கொண்டது. இடது கை மேசையில் கிடந்த அரத்தை எடுத்தது. மாட்டிய இடத்தில் சிறுசிறு இழுப்பாக அரம் ஓடியது. மறுபடியும் காலுறை. இந்த முறை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கை அதை உதறிவிட்டு அடுத்த பிளவுக்குப் போனது.

தடித்த விரல்கள். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்துப்போய்ப் பாதி வளர்ந்திருந்தது. மணிக்கட்டில் வெந்நீர் பட்ட பழைய தழும்பு. அரத்தை வைத்துவிட்டு அந்த விரல்கள் பிளவின் ஓரத்தைத் தடவும்போது மட்டும், கன்றின் வாய்க்குள் பல் பார்க்கிற மாதிரி, அவற்றுக்கு ஒரு மென்மை வந்துவிடும்.

நான் கவிழ்த்துப் போட்ட பால்வாளி மேல் உட்கார்ந்து மறுநாளைக்கு இரை கட்டிக்கொண்டிருந்தேன். சால்மன் முட்டைகளைத் துண்டு வலைத்துணியில் வைத்து நூலால் முடிகிற வேலை. கை பிசுபிசுத்தது.

"எல்டன், கொஞ்சம் சின்னதா முடியேன். மீனுக்குக் கட்டுறியா, மாட்டுக்குக் கட்டுறியா?"

"மெர்ல் இதைவிடப் பெருசாக் கட்டுவான்."

"அவனுக்கு வாயும் பெருசு, முடிச்சும் பெருசு" என்றாள் ஆர்லீன், குழாய்க்குள்ளிருந்து கையை எடுக்காமலே.

ஆர்லீன் கோஸ்கி நெட்டில் என்னும் எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பால்பண்ணைகளுக்குக் குழாய் பழுது பார்ப்பவள். மடியிலிருந்து தொட்டி வரை பால் ஓடும் குழாய் எங்கே ஒழுகினாலும், எங்கே அடைத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளத்தாக்கில் அவள் கைபடாத தொழுவம் கிடையாது. குளிர்காலத்தில் வேலை முடிந்த நேரமெல்லாம் அவளை ஆற்றில் பார்க்கலாம்.

அவள் தூண்டில் பிடித்த கதை சுருக்கமானது. முப்பது வயது தாண்டியபோது புருஷன் மீன்பிடிக் கப்பல் வேலைக்கு அலாஸ்கா போனான். போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன தூண்டில் கோல் தொழுவத்துக் கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி ஒரு வருஷம் கிடந்தது. ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் இரண்டு குளிர்காலம் அவள் தூண்டிலில் பாசியும் மரக்கிளையும்தான் வந்தன. மூன்றாவது குளிர்காலத்திலிருந்து நாங்கள் நின்று அலுத்துப்போன இடங்களில் அவள் மீன் எடுக்க ஆரம்பித்தாள். எப்படி என்று மெர்ல் கேட்டதற்கு, "பால் எங்க தேங்கும், எங்க தெறிச்சு ஓடும்னு பார்த்துப் பார்த்து வயித்தைக் கழுவுறவ நான். தண்ணி மட்டும் என்ன, வேற ஜாதியா?" என்றாளாம்.

அந்தக் காலத்தில் பிடித்த ஸ்டீல்ஹெட் மீனை எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போவோம். ஆர்லீன் ஆல்டர் மர விறகில் புகைபோட்டு, காகிதத்தில் சுற்றி, வேலைக்குப் போகிற ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டு வருவாள். பிறகு மீன் குறைந்தது. ஆற்றில் தானாகப் பிறந்து, கடலுக்குப் போய், வளர்ந்து திரும்பி வரும் மீனை இனி யாரும் கொல்லக்கூடாது என்று சட்டம் வந்தது. அதைப் பிடித்தால் தண்ணீரைவிட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். மீன்பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்ட மீனை மட்டும் கொண்டுபோகலாம். அதற்கு அடையாளம், வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் குட்டிச் செட்டை வெட்டப்பட்டிருக்கும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. பண்ணையில் குஞ்சு பொரிக்க இந்த ஆற்றின் சொந்த மீன்களே தாயும் தகப்பனுமாக வேண்டும். அதற்காக எங்களில் சிலருக்கு அனுமதி. காட்டு மீன் கிடைத்தால் அதை உயிரோடு ஒரு குழாய்க்குள் விட்டு, தலை மேல்நோக்கி இருக்கும்படி நீரோட்டத்தில் கட்டிப்போட்டு, பண்ணைக்குச் சொல்லி அனுப்புவோம். லாரி வந்து எடுத்துப்போகும். அந்தக் குழாய்களை வெகுகாலமாகச் செய்துகொடுத்தவள் ஆர்லீன்தான். தட்டு அகலக் குழாய், நாலடிக்கு ஒரு கையளவு குறைந்த நீளம், சுற்றிலும் வட்ட வட்டத் துளைகள், இரண்டு முனையிலும் கம்பிக் கதவு. ஒவ்வொரு துளையும் காலுறைச் சோதனைக்குத் தப்பாது. மீனின் உடம்பில் ஒரு வழுவழுப்பு இருக்கிறது. அது உரிந்தால் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். அவள் குழாயில் இருந்து வந்த மீனில் ஒரு கீறலும் இருக்காது என்று பண்ணை லாரி ஓட்டும் லூப்பே அரியாகா சொல்வாள்.

போன குளிர்காலம் வரை அப்படித்தான் இருந்தது. போன ஜனவரியில் கடும் குளிர் அடித்த ஒரே வாரத்தில் ஆர்லீனின் குழாய்களில் இரண்டு பெண் மீன்கள் செத்தன. இரண்டும் முட்டை நிறைந்தவை. லாரி வந்து கதவைத் திறந்தபோது இரண்டும் கட்டைபோல் கிடந்தன.

எங்கள் ஆற்றில் இது சின்ன விஷயம் அல்ல. விடவேண்டிய மீனை விடாமல் வைத்திருந்து கொன்றோம் என்று ஆகிவிடும். தூண்டில்காரர் மன்றக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். எனக்கு அன்று காய்ச்சல். மறுநாள் மெர்ல் டகெட் வந்து நடந்ததைச் சொன்னான். மெர்ல் காலமெல்லாம் மரம் வெட்டியவன், இப்போது ஓய்வு. ஆற்றில் எந்தப் பாறை எங்கே என்று அவனுக்கு அத்துப்படி. "அந்தப் பழைய சாம்பல் குழாயில ஏதோ விஷம் ஊறுது. இல்லன்னா உள்ள எங்கயோ பிசிறு இருக்கு. இனிமே நான் செய்றேன், வெள்ளைக் குழாய்ல" என்று அவன் சொல்ல, எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள்.

"அவ என்ன சொன்னா?"

"'இன்னொரு மீன் என் கையால செத்தா அனுமதிச் சீட்டைத் திருப்பிக் குடுத்துடுறேன், காட்டு மீனை இனித் தொடவே மாட்டேன்'னா. அவ்வளவுதான். எழுந்து போய்ட்டா."

மெர்ல் புதுக் குழாய்கள் செய்தான். நல்ல வேலைதான். ஆனால் அச்சு அசல் ஆர்லீனின் பழைய மாதிரியே. அதே வட்டத் துளைகள், அதே இடைவெளி. குழாயின் நிறம் மட்டும்தான் மாறியிருந்தது.

ஆர்லீன் ஒருவரிடமும் சண்டை போடவில்லை. டிசம்பரில் முதல் உறைபனி விழுந்ததும், வேலைக்குப் போகும் வழியில் ஆற்றில் இறங்கித் தன் பழைய குழாய் ஒன்றைக் காலியாகக் கட்டிப்போட்டாள். உள்ளே வால் பக்கத்துக் கம்பியில் ஒரு நீல நாடா. தண்ணீர் உள்ளே ஓடினால் நாடா நீண்டு ஆடும். குளிர் ஏறியபோது ஆற்றில் பனிக்கூழ் வர ஆரம்பித்தது. கரைத்த மாவு மாதிரி, தண்ணீரோடு தண்ணீராக இறங்கி வருமே, அதுதான். அவள் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பனிக்கூழ் ஒவ்வொரு துளையிலும் வந்து ஒட்டியது. துளை வட்டமாக, வழவழப்பாக இருந்ததால் அழகாக மூடி போட்டது மாதிரி அடைத்தது. வெளியே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நாடா தொங்கிவிட்டது.

அதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "விஷமும் இல்ல, பிசிறும் இல்ல, எல்டன். மூச்சு முட்டிச் செத்திருக்குங்க. நான் பார்த்துப் பார்த்து ராவுன துளைதான்."

மெர்லிடமும் சொன்னாள். அவன், "துணி தொங்குச்சாம், அதுக்காக நான் செஞ்சதை எல்லாம் தூக்கிப் போடணுமாம்" என்று கடைத்தெருவில் சிரித்தான்.

அதனால்தான் இந்தப் புதுக் குழாய். நிறம் அதே சாம்பல்தான். வட்டத் துளைகளுக்குப் பதிலாகத் தலைமாட்டிலிருந்து வால் வரை நீண்ட பிளவுகள். பனிக்கூழ் ஒட்டினாலும் விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடலாம். ஆனால் நீண்ட பிளவில் செட்டை மாட்டும். அதற்காக ஒவ்வொரு பிளவின் ஓரத்தையும் சூடு காட்டி உள்ளிருந்து வெளியே சாய்த்திருந்தாள். எத்தனையோ துண்டுகளை வீணடித்த பிறகு இது ஒன்றுதான் அவளுக்குத் திருப்தி. பழைய குழாய்களில் ஆணியைச் சுட வைத்துத் தன் பெயரைப் பொறிப்பாள். இதில் பொறிக்கவில்லை.

மறுநாள் கிழக்குக் காற்று. பள்ளத்தாக்கின் மேல்முனையிலிருந்து அந்தக் காற்று இறங்கினால் சேறு கல்லாகும், மாடுகளின் மூக்கில் பனி தொங்கும். பள்ளிக்கூடத்து மடுவுக்கு நாங்கள் போனபோது மெர்லின் வண்டி ஏற்கெனவே நின்றது. முதலில் வந்தவன் மடுவின் தலையில் இறங்குவான். ஒரு வீச்சு, ஓர் அடி கீழே. மறுபடி ஒரு வீச்சு, ஓர் அடி. அடுத்தவன் அவனுக்கு மேலே இறங்கிப் பின்னாலேயே வர வேண்டும். முன்னால் போகிறவனுக்குக் கீழே போய் நின்றால் அவனோடு அந்த வருஷம் யாரும் பேச மாட்டார்கள். அதனால் மெர்ல், அவனுக்குப் பின் ஆர்லீன், அவளுக்குப் பின் நான்.

"அந்தச் சாம்பல் ஓட்டையைத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று மெர்ல் தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினான். அவனுடைய வெள்ளைக் குழாய், கரையோரம் கட்டியிருந்த அவன் படகில் கிடந்தது.

"கண்ணு நல்லாத் தெரியுதே உனக்கு. தக்கை போற இடத்தைப் பாரு, மரத்துல மாட்டிடும்."

மாட்டியது. மெர்ல் முணுமுணுத்துக்கொண்டே தங்கூசி நரம்பை அறுத்தான்.

கோலின் வளையங்களில் பனி உறைந்து, அடிக்கடி அதை வாயில் வைத்து உருக்க வேண்டியிருந்தது. மெர்ல் மடுவை முழுதும் அடித்துக் கீழ்முனைக்குப் போய்விட்டான். ஒன்றுமில்லை. ஆர்லீன், நடுவில் மூழ்கிக் கிடக்கும் பாறைக்கு இந்தப் பக்கம் தக்கையை விட்டாள். மெர்ல் பாறைக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தான். தக்கை பாறையைத் தாண்டியது, தயங்கியது, பிறகு யாரோ கீழிருந்து பறித்தது மாதிரி காணாமல் போனது.

நாங்கள் இருவரும் உடனே தூண்டிலைச் சுருட்டினோம். ஒருவருக்கு மாட்டினால் மற்றவர்கள் தூண்டில் தண்ணீரில் இருக்கக்கூடாது. மெர்ல்தான் கைவலையோடு ஓடி வந்தான். அந்த வயதில், அந்த வழுக்குப் பாறைகளில் அவன் ஓடியதைப் பார்த்தால் பகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மீன் இரண்டு முறை ஆற்றின் மறுகரை வரை போனது. ஆர்லீன் கோலைத் தாழ்த்தி, விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்துக் கொண்டுவந்தாள். மெர்ல் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து அதை உள்வாங்கினான்.

பெண் மீன். வெள்ளி உடம்பில் இளஞ்சிவப்பு இன்னும் ஏறவில்லை. முதுகில் குட்டிச் செட்டை முழுசாக இருந்தது.

"லூப்பே சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றேன். "தொட்டியில ஆம்பிளைங்களாத்தான் கிடக்குதாம். பொண்ணு ஒண்ணுகூட மிச்சமில்லைன்னா."

மெர்ல் வலையை என் கையில் கொடுத்துவிட்டு, தன் படகிலிருந்து வெள்ளைக் குழாயை எடுத்துவரத் திரும்பினான்.

"மெர்ல், வேணாம்" என்றாள் ஆர்லீன். "ஆத்தைப் பாரு."

மேலே, திருப்பத்தில், தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. பனிக்கூழ் இறங்க ஆரம்பித்துவிட்டது.

"கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு. உன் குழாய்ல போடக்கூடாது."

"உன் குழாயைக் கொண்டா. காலியாவே போடு. இந்தா நாடா." அவள் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நாடாவை எடுத்து நீட்டினாள். "மீன் வலையில பத்திரமா இருக்கு. நாடா ஆடுச்சுன்னா அதுலயே போடுறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மெர்ல் முகம் சிவந்தது. ஆனால் வாங்கிக்கொண்டான். குழாயில் நாடாவைக் கட்டித் தண்ணீருக்குள் பிடித்தான். முதலில் நாடா நன்றாக நீண்டு ஆடியது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். பனிக்கூழின் முதல் அடுக்கு வந்து மோதியது. வெள்ளைத் துளைகளில் வெள்ளைப் பனி. எது துளை என்றே தெரியவில்லை. நாடா சுருண்டது. பிறகு தொங்கியது.

மெர்ல் குழாயைத் தண்ணீரிலிருந்து தூக்கினான். "புத்தம் புதுக் குழாய்தானே..." என்றான்.

"உன் தப்பு இல்ல" என்றாள் ஆர்லீன். "என்னோடதைப் பார்த்துத்தானே செஞ்சே."

அந்த நாடாவை அவிழ்த்துச் சாம்பல் குழாயின் வால் பக்கத்துக் கம்பியில் கட்டிவிட்டு, மீனை உள்ளே விட்டாள். தலை மேல்நோக்கி. கம்பிக் கதவை மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் இழுப்பு பலமாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டினாள். நான் பாலத்துக்குப் போய்ப் பண்ணைக்குப் போன் செய்தேன். மடுவில் போன் எடுக்காது. லூப்பே கிளம்பிவிட்டாள்; ஆனால் கணவாய் மேட்டில் மரம் ஏற்றிய லாரி ஒன்று வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே நிற்கிறது, இழுத்துப் போட்டால்தான் வழி என்றார்கள்.

திரும்பி வந்து சொன்னேன். ஆர்லீன் தண்ணீரில் நின்றபடி பிளவுகளை வழித்துக்கொண்டிருந்தாள். கம்பளிக் கையுறைக்கு மேல் பால் கறக்கிறவர்களின் நீல ரப்பர் கையுறை. தலைமாட்டிலிருந்து வால் வரை ஒரே இழுப்பு. மறுபடி அடுத்த பிளவு. நாடா ஆடியது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. வழித்தாள். ஆடியது.

அவள் குழாயும் அடைக்கத்தான் செய்தது. மெதுவாக அடைத்தது, அவ்வளவுதான்.

"விடுறதுன்னா இப்பவே விட்டுடு, ஆர்லீன்" என்றான் மெர்ல். அது குத்தல் அல்ல. "தெம்பா இருக்கும்போதே போகட்டும்."

அவள் குழாயின் பிளவு வழியே உள்ளே பார்த்தாள். செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"மீனைக் கேட்டுட்டா வச்சிருக்கோம்?" என்றாள். "எங்கயோ ஒரு ஓடையில சரளைக்கல்லுல முட்டை போடலாம்னு கடல்லேருந்து வருது. அதைப் பிடிச்சு சிமெண்டுத் தொட்டியில போடுறோம். அதோட குஞ்சுங்க நாளைக்கு நமக்குத் தூண்டில்ல மாட்டணும், நாம வறுத்துத் திங்கணும். நல்ல காரியமா, கெட்ட காரியமான்னு இவ்வளவு வருஷமா எனக்குப் புரியலை, மெர்ல்."

"புரியாமலா செய்யுறே?"

"செஞ்சாத்தான் புரியும்போல இருக்கு. பாலும் அப்படித்தானே. கன்னுக்குட்டிக்கு வந்தது."

பனிக்கூழ் கெட்டியாகிக்கொண்டே வந்தது. இப்போது தட்டுத் தட்டாக மிதந்து வந்து குழாய்க் கயிற்றில் மோதி உடைந்தது. அவள் கை போதவில்லை. ஒரு பக்கம் வழிப்பதற்குள் மறுபக்கம் அடைத்தது. மெர்ல் இறங்கிப்போய்க் குழாய்க்கு நேர் மேலே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், பனியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிற மாதிரி.

"யோவ், தள்ளு! நீ நிக்குற இடத்துல தண்ணியே வரலை!" என்று ஆர்லீன் கத்தினாள்.

நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மெர்ல் விலகினான். உள்ளே மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளி வயிறு தெரிந்தது. ஆர்லீனின் கை கம்பிக் கதவின் கொக்கிக்குப் போனது. நான் கரையில் நின்றிருந்தேன். அந்தக் கொக்கியில் இருந்த நீல விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தால் மீன் பிழைக்கும். அல்லது சாய்ந்தபடியே ஆற்றோடு போகும். திறக்காவிட்டால்—

"கொஞ்சம் பொறு" என்றான் மெர்ல். "எல்டன்! என் படகுத் துடுப்பு ரெண்டையும் கொண்டா. ஓடு!"

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் இரண்டையும் நுனியோடு நுனி சேர்த்துக் கயிற்றால் கட்டினான். காலமெல்லாம் மரம் கட்டிய கை; கட்டு விழுந்ததே தெரியவில்லை. கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்வாக, குழாய்க்கு நன்றாக மேலே, தண்ணீர் மட்டத்தில் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டான். "கட்டையை ஆத்துல மிதக்கவிட்டா இப்படித்தான் ஒதுக்குவோம். நேரா மறிச்சா ஏறி வரும். சாய்ச்சுப் பிடிச்சா தானா வழுக்கிப் போகும்."

பனித்தட்டுகள் துடுப்பில் மோதி, அதன் ஓரமாகவே சறுக்கி, நடு ஆற்றுக்குப் போயின. அடியில் தண்ணீர் மட்டும் வந்தது. ஆர்லீன் குழாயை இன்னும் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிக் கட்டினாள். எல்லாப் பிளவுகளையும் வழித்தாள். பிறகு இரண்டு கைகளையும் குழாயின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாடா அசைந்தது. நீண்டது. மீன் உடனே நிமிரவில்லை. அவள் குழாயை லேசாக முன்னும் பின்னும் ஆட்டினாள், தூளியை ஆட்டுகிற மாதிரி. செவுள் ஒருமுறை திறந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. பிறகு உடம்பு மெல்லப் புரண்டு, முதுகு மேலே வந்தது.

மெர்ல், "கை விறைச்சுப் போச்சு. மூக்கு ஒழுகுது, துடைச்சுவிடக்கூட ஆளில்ல" என்றான்.

"எல்டன், அவனுக்கு மூக்கைத் துடைச்சுவிடு. இல்லன்னா அதுவும் பனிக்கூழா என் குழாய்லதான் வந்து அடைக்கும்."

துடைத்துவிட்டேன். அவள் பையிலிருந்த ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து இருவர் வாயிலும் ஊட்டினேன். குடுவையில் இருந்த காபி ஆறிப்போயிருந்தது, அதையும் கொடுத்தேன். நானும் மெர்லும் துடுப்பைக் கைமாற்றிக்கொண்டோம். ஆர்லீன் மட்டும் தன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கரைக்கு வந்து கொஞ்சம் உட்காரு என்று மெர்ல் சொன்னதற்கு, "எந்த இடத்துல வழிக்கணும்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப மாத்தினா கெட்டுப்போகும்" என்றாள். ரப்பர் கையுறை கிழிந்து, கம்பளி நனைந்து உறைந்திருந்தது. அவள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் விரலால் வழித்தாள். விரல்கள் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தன.

"போன வருஷம் அந்த ரெண்டும் செத்தப்போ" என்று மெர்ல் ஆரம்பித்தான், துடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கூட்டத்துல நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்."

"பேசுனே."

"பிசிறுன்னு சொன்னேன்ல? உன் வேலையில பிசிறுன்னு."

"அதைத்தான் பொறுக்க முடியலை" என்றாள். "மீன் செத்துச்சுன்னது சரி. செத்ததுதான். பிசிறுன்னு சொன்னே பாரு." நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். ஆனால் கடைவாயில் சிரிப்பு இருந்தது.

வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கிய நேரத்தில் பண்ணை லாரியின் சத்தம் கேட்டது. லூப்பே கரையில் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். இளம் பெண், முழங்கால் வரை சேறு. வழியில் அந்த மர லாரியை இழுக்க இவளும் இறங்கித் தள்ளியிருக்கிறாள்.

"உயிரோட இருக்கா, ஆர்லீன்? சொல்லிடுங்க. இல்லன்னாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க."

"நீயே வந்து பாரு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள் ஆர்லீன். உதடு குளிரில் தடுமாறியது.

லூப்பே தண்ணீரில் இறங்கி, பிளவுக்குள் குனிந்து பார்த்தாள். வயிற்றோரமாகச் செதில்களைப் பார்த்தாள். செட்டை நுனிகளைப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. தோளில் இருந்த பெரிய ரப்பர் பையை ஆற்றில் முக்கித் தண்ணீர் நிரப்பினாள். குழாயோடு மீனை அதற்குள் இறக்கினோம். நானும் மெர்லும் பையின் இரு பக்கமும் பிடிக்க, லூப்பே மேலே ஓடி லாரித் தொட்டியின் மூடியைத் திறந்து ஏறி நின்றாள். ஆர்லீன் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு கூடவே கரை ஏறினாள். கால் இரண்டு முறை மடங்கியது. மெர்ல் தன் தோளைக் கொடுத்தான். அவள் அதில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எந்தக் குழாய் இது? மெர்லோடதா?" என்று லூப்பே மேலிருந்து கேட்டாள். "எழுதி வைக்கணும்."

"என்னோடது வெள்ளை" என்றான் மெர்ல். "இது அவளோடது. பேரு போட மறந்துட்டா. நீ போட்டுக்கோ."

ஆர்லீன் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். விரல்கள் மடங்கவில்லை; உள்ளங்கைகளாலேயே குழாயை அணைத்துத் தூக்கினாள். பிளவுகளிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"தலை உன் பக்கம்" என்றாள்.

லூப்பே தொட்டி மேலிருந்து குனிந்து, குழாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.